மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: ஆட்டிசப் பிள்ளையோடு வாழத் தொடங்குபவர்களுக்கு

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. ஊரிலிருந்து வந்த என் அப்பா நாலு நாள் தங்கிவிட்டு, சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று அவன் தலையைத் தடவி, "தாத்தா போயிட்டு வரேன்டா கண்ணு" என்றார். அவன் தலையாட்டிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தான். ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. விளக்கு வைத்துவிட்டு வந்து கூப்பிட்டேன், அசையவில்லை. தோசை சுட்டு வைத்தேன், வரவில்லை. எட்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு வரப் போனபோது உடம்பை விறைத்துக்கொண்டு கதறினான். "தாத்தா வரேன்னாங்க! வரேன்னாங்க!"

நாம் "போகிறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் அபசகுனம். "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறோம். மூன்று வயதுப் பிள்ளைகள்கூட யாரும் சொல்லித்தராமல் இதைப் புரிந்துகொண்டு டாட்டா காட்டிவிடும். என் மகன் அந்தச் சொல்லை நம்பி மூன்று மணி நேரம் காத்திருந்தான். அன்றுவரை அவனுக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எதையுமே சொல்வதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

என் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. மற்றவர்களோடு பேசுவதும் பழகுவதும் சின்ன வயதிலிருந்தே வேறு மாதிரி வளரும் நிலை அது. இப்போது அவனுக்குப் பதினைந்து வயது. இந்த ஒன்பது வருடத்தில் ஆசிரியர்களிடமும், ஸ்பீச் தெரபிஸ்டிடமும், படித்ததிலும், முக்கியமாக அவனிடமும் கற்றுக்கொண்டதை, இந்த வழியில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெற்றோருக்கு மட்டுமில்லை. தாத்தா, பாட்டி, சித்தி, மாமா, வகுப்பு டீச்சர் எல்லோருக்கும்தான்.

தொடங்கும் முன்: இது என்ன, எது இல்லை

எதிரே இருப்பவர் என்ன நினைக்கிறார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாம் ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அதைச் செய்கிறோம் என்பதுகூட நமக்குத் தெரிவதில்லை. இந்தத் திறனைத் தமிழில் மனக் கோட்பாடு என்று எழுதுகிறார்கள். 1978இல் பிரிமாக், வுட்ரஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிம்பன்சிகளுக்கு இது உண்டா என்று கேட்டதிலிருந்து அந்தப் பெயர் வந்தது.

ஆட்டிசத்தோடு இதைச் சேர்த்துப் பேச ஆரம்பித்தது 1985இல். லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை நாடகம் காட்டினார்கள். சாலி என்ற பொம்மை தன் கூடையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்து வேறொரு பெட்டிக்குள் வைக்கிறது. சாலி திரும்பி வருகிறது. கோலியை எங்கே தேடும்?

கூடையில்தான் தேடும், ஏனென்றால் மாற்றி வைத்ததை சாலி பார்க்கவில்லை. சுமார் நாலரை வயதுள்ள 27 சாதாரணப் பிள்ளைகளில் 23 பேர் இதைச் சரியாகச் சொன்னார்கள். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி தாமதப்படும் டவுன் சின்ட்ரோம் உள்ள 14 பேரில் 12 பேர் சொன்னார்கள். அவர்களைவிட வயதில் பெரியவர்களான, ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். கோலி உண்மையில் அங்கேதானே இருக்கிறது! தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

இதே மாதிரி இன்னொரு சோதனையை நம் வீட்டுப் பொருளை வைத்தே யோசித்துப் பார்க்கலாம். தகர பிஸ்கட் டப்பாவை ஒரு பிள்ளையிடம் காட்டி உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். "பிஸ்கட்" என்பான். திறந்தால் ஊசியும் நூலும் பட்டனும் இருக்கும், நம் எல்லோர் வீட்டிலும் இருப்பதுபோல. மூடிவிட்டு, "இதைத் திறந்தே பார்க்காத அக்கா வந்தால் உள்ளே என்ன இருக்குன்னு நினைப்பா?" என்று கேளுங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் "நூல்" என்றுதான் சொல்லும். ஐந்து வயதுப் பிள்ளை "பிஸ்கட்னு நினைப்பா" என்று சிரிக்கும். இந்த இரண்டு பதிலுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை மனதில் வாங்கிக்கொள்ளத்தான் இதைச் சொன்னேன். இதை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் உண்டு, இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அது மருத்துவர் பல மணி நேரம் பார்த்துச் சொல்ல வேண்டியது.

20 பேரில் 16 என்ற எண் உலகமெல்லாம் சுற்றியது. கூடவே "மனக்குருடு" என்றொரு சொல்லும் சுற்றியது. அதைக் கேட்டவர்கள், இந்தப் பிள்ளைகளுக்குப் பாசமே கிடையாது, மனமே இல்லை என்கிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இது தவறு. என்னிடமே சொந்தக்காரர் ஒருவர் சொல்லியிருக்கிறார், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மீதி 4 பேர் சரியாகச் சொன்னார்களே! பத்து வருடம் கழித்து ஃபிரான்செஸ்கா ஹாப்பே செய்த ஆய்வில், மொழித்திறன் ஏறக்குறைய ஒன்பது வயதுப் பிள்ளையின் அளவுக்கு வளர்ந்தபோது ஆட்டிசப் பிள்ளைகளும் இந்தச் சோதனையில் தேறுவது தெரிந்தது. ஆக, இது வராமலே போகிற ஒன்றில்லை. தாமதமாக, வேறு வழியில், யோசித்து யோசித்து வருகிறது. வளர்ந்தவர்கள் தாளில் எழுதிய கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்வார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும்போதுதான் திணறுவார்கள். அங்கே யோசிக்க யாரும் நேரம் தருவதில்லை.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அடுத்தவர் என்ன உணர்கிறார் என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதைக் கண்டு மனம் இளகுவது வேறொன்று. முதலாவதில்தான் சிரமம். என் மாமியார் ஒருநாள் அழுதபோது என் மகன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடினான். "பாட்டி அழறேன், ஒரு வார்த்தை கேட்கலையே" என்று அவருக்கு வருத்தம். அவன் அறையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். அந்த அழுகையை அவனால் தாங்க முடியவில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது கல்நெஞ்சாகத் தெரிந்தது.

முதல் படி: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஒரு வாரம் எழுதுங்கள். பிள்ளை அடம்பிடித்தபோது, அழுதபோது, நீங்கள் சத்தம் போட்டபோது, மூன்றே விஷயம் போதும்: நான் சொன்ன வார்த்தை என்ன, நான் நினைத்தது என்ன, அவன் எடுத்துக்கொண்டது என்ன.

வார்த்தையை அப்படியே எழுத வேண்டும், அதுதான் முக்கியம். "திட்டினேன்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருந்தது. நான் சொன்னது: "இன்னொரு தடவை தண்ணியைக் கொட்டு, பார்க்கலாம்." நினைத்தது: கொட்டாதே. அவன் எடுத்துக்கொண்டது: இன்னொரு தடவை கொட்ட வேண்டும், அம்மா பார்ப்பாள். கொட்டினான். அடித்தேன். சொன்னதைச் செய்ததற்கு ஏன் அடி விழுந்தது என்று தெரியாமல் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வாரம் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் சண்டைகளில் பாதிக்கு மேல் என் வாக்கியத்தில்தான் தொடங்கியிருந்தது.

இரண்டாம் படி: சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்

தமிழில் நாம் நேராகப் பேசுவது ரொம்பக் கொஞ்சம். அது நம் பேச்சின் அழகு, எனக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அது ஒவ்வொரு நாளும் விடுகதை.

நோட்டைப் பார்த்து இந்த மாதிரி வாக்கியங்களைப் பொறுக்கி எடுங்கள். "ரொம்ப நல்லா இருக்கு நீ செஞ்ச வேலை!" என்று கோபத்தில் சொல்வது. "பார்க்கலாம்" என்றால் முக்கால்வாசி "இல்லை". "அப்புறம் வாங்கித் தரேன்" என்பதும் அதே. பந்தியில் "போதும் போதும்" என்று கையை மறைத்துக்கொண்டே இன்னொரு கரண்டிக்கு இலையை விடுவது. வந்தவர் பழம் கொடுத்தால் "எதுக்கு இதெல்லாம்" என்பது. என் மகன் ஒருமுறை அதைக் கேட்டு, கொடுத்தவரிடமே பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். "வயிறு எரியுது", "தலைக்கு மேல வேலை", "உன்னால எனக்குப் பைத்தியம் பிடிக்குது" இவற்றையெல்லாம் அப்படியே நம்பிப் பயந்துபோகும் பிள்ளைகள் உண்டு.

மாற்றிச் சொல்வது கஷ்டமில்லை. "பார்க்கலாம்" என்பதற்குப் பதில் "இன்னைக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை போவோம்." போகப் போவது நிச்சயம் என்றால் மட்டும் சொல்லுங்கள். "சத்தம் போடாதே" என்பதற்குப் பதில் "மெதுவாகப் பேசு." என்ன செய்யக் கூடாது என்பதைவிட என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகப் போய்ச் சேரும். வீட்டுக்கு வந்தவர் கிளம்பும்போது நாங்கள் இன்றும் இரண்டு வாக்கியம் சொல்கிறோம்: "தாத்தா போயிட்டு வரேன்னு சொல்றாங்க. இப்போ ஊருக்குப் போறாங்க, பொங்கலுக்குத்தான் வருவாங்க."

மரபுத் தொடர்களை வீட்டிலிருந்து ஒரேயடியாக எடுத்துவிடச் சொல்லவில்லை. அவனும் இந்த ஊரில்தானே வாழ வேண்டும். ஒவ்வொன்றாக, வார்த்தைக்குப் பக்கத்தில் அர்த்தத்தை எழுதிக் கற்றுக்கொடுங்கள். என் மகனிடம் அப்படி ஒரு தனி நோட்டு இருக்கிறது. புதிதாக ஒன்று கேட்டால் அவனே வந்து எழுதிக்கொள்கிறான். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறது" அதில் எழுபதோ எண்பதோ தொடருக்குப் பிறகு வரும்.

மூன்றாம் படி: முதலில் அவன் மனசு, அப்புறம் மற்றவர் மனசு

பல தெரபி மையங்களில் சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட அட்டைகளைக் காட்டி "இது என்ன?" என்று கேட்பார்கள். பிள்ளை "கோபம்", "சந்தோஷம்" என்று ஒப்பிக்கும். சரி, தப்பில்லை. ஆனால் தனக்கே கோபம் வருவது தெரியாத பிள்ளைக்கு அட்டையிலுள்ள முகத்தின் கோபத்தால் என்ன லாபம்? தன் உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காத நிலைக்கு அலெக்சிதைமியா என்று பெயர். ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதுவும் இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. முகத்தைப் படிப்பதிலுள்ள சிரமத்தில் ஒரு பங்கு ஆட்டிசத்தால் இல்லாமல் இதனால் வருகிறது என்று கருதுபவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள். கோபமா என்று கேட்காதீர்கள். "கை இறுகி இருக்கு. மூச்சு வேகமா வருது. காது சூடா இருக்கா?" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். பிறகு பெயர்: "கரண்ட் போனதால டிவி நின்னுபோச்சு. உனக்குக் கோபம் வந்திருக்குன்னு நினைக்கிறேன்." அவன் இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். அவன் மனசைப் பற்றி நீங்கள் செய்வதும் ஊகம்தான்.

அடுத்தது உங்கள் மனசு. எனக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வேலை செய்வது. "பால் பொங்கிடுச்சு. எனக்கு எரிச்சலா இருக்கு. உன்மேல இல்லை, பால்மேல." "அப்பா இன்னும் வரலை. பஸ் கிடைக்கலையோன்னு கவலைப்படறேன், அதான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருக்கேன்." உணர்ச்சி, அதன் காரணம், அது வெளியே எப்படித் தெரிகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். "உன்மேல இல்லை" என்பதை விட்டுவிடாதீர்கள். நம் குரல் மாறியது மட்டும் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், ஏன் மாறியது என்பது தெரியாது. அந்த இடைவெளியில் அவர்கள் படும் பயம் பெரியது.

முதல் பத்து நாள் வாய் வலிக்கும், பக்கத்து வீட்டார் விசித்திரமாகப் பார்ப்பார்கள். விடாமல் செய்யுங்கள்.

நான்காம் படி: பார்த்தால்தான் தெரியும்

சாலி-ஆன் நாடகத்தின் சாரம் இதுதான். ஒருவர் பார்த்திருந்தால், கேட்டிருந்தால் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. இதை விளையாட்டாகவே சொல்லித்தரலாம்.

நடுவில் ஒரு அட்டை. ஒரு பக்கம் யானைப் படம், மறு பக்கம் மாம்பழப் படம். எதிரெதிரே உட்கார்ந்து "நான் என்ன பார்க்கறேன்? நீ என்ன பார்க்கறே?" அது பழகியதும் இடம் மாறி உட்காருங்கள். அடுத்து, அப்பா குளிக்கப் போனபோது அவர் செருப்பை எடுத்து ஒளித்து வைப்பது. "அப்பா எங்கே தேடுவாங்க? ஏன்?" அப்பா வந்து பழைய இடத்தில் தேடுவதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். பள்ளியிலிருந்து வந்ததும், "உன் டிபன் பாக்ஸ்ல என்ன மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியுமா? நான் அங்கே இருந்தேனா?" என்று கேட்பதும் இதே பாடம்தான். என் மகன் வெகுநாள் பள்ளியில் நடந்த எதையும் என்னிடம் சொல்லாததற்குக் காரணம், எனக்கு ஏற்கனவே தெரியும் என்று நினைத்ததுதான். இப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அவன் வயிற்றில் அடி வாங்கிக்கொண்டு வந்த நாளில்கூட எனக்குத் தெரியும் என்றே இருந்துவிட்டான்.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1996இல் இங்கிலாந்தில் ஒரு குழு ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் பாடங்களைச் சொல்லித் தந்து பார்த்தது. பிள்ளைகள் சோதனைகளில் தேறினார்கள். ஆனால் அவர்கள் சாதாரணமாகப் பேசும் பேச்சில் மாற்றம் தென்படவில்லை. அதனால் மேஜையில் உட்கார்ந்து செய்யும் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். மளிகைக் கடை, பஸ், மொட்டைமாடி என்று பிள்ளை வாழும் இடத்திலெல்லாம் இதே கேள்வி வர வேண்டும். அவ்வளவும் செய்துவிட்டு "எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆட்டிசம் மருந்தால் குணமாகும் நோயில்லை.

ஐந்தாம் படி: காலண்டர் தாளில் வரையுங்கள்

கரோல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990களின் முதல் பாதியில் இரண்டு முறைகளைக் கொண்டுவந்தார். ஒன்று சமூகக் கதை. வரப்போகும் ஒரு சூழ்நிலையைப் பிள்ளைக்குப் புரியும்படி நாலைந்து வாக்கியத்தில் முன்கூட்டியே எழுதித் தருவது. இன்னொன்று, நடந்துமுடிந்த ஒன்றைக் குச்சி மனிதர்களாக வரைந்து பேசுவது. எங்கள் வீட்டில் ஓடியது இரண்டாவதுதான். அதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கமும் ஒரு பென்சிலும் போதும்.

நான்காம் வகுப்பில் ஒரு நாள் இப்படி நடந்தது. அவனுடைய ஒரே நண்பன் கணக்குப் பரீட்சையில் இவன் தாளைப் பார்த்து எழுதியிருக்கிறான். இவன் எழுந்து நின்று, "மிஸ், இவன் என்னைப் பார்த்து எழுதறான்" என்று சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து அந்தப் பையன் பேசவில்லை. இவன் தினமும் போய், "நாம விளையாடலாமா?" என்று கேட்கிறான், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஒரு வாரம் ஓடியது. என் பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை. உண்மையைத்தானே சொன்னான்!

தாளை எடுத்து இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தேன். "பரீட்சை நடக்குது. நீ எங்கே உட்கார்ந்திருந்தே?" அவன் பென்சிலை வாங்கி பெஞ்சை வரைந்தான். பேசிய வார்த்தைக்கு ஒரு வட்டம், வாயிலிருந்து கோடு. நினைத்ததற்கு மேகம், தலையிலிருந்து சின்னச் சின்னப் புள்ளிகள். அவன் வாயிலிருந்து வந்த வட்டத்தில் அவனே எழுதினான்: மிஸ் இவன் பார்த்து எழுதறான். அவன் தலைக்கு மேல் மேகத்தில்: பார்த்து எழுதினால் தப்பு. நண்பனின் தலைக்கு மேல் வெறும் மேகம் ஒன்றை வரைந்துவிட்டுப் பென்சிலை நீட்டினேன். "இதுல என்ன இருக்கும்?"

ரொம்ப நேரம் எழுதவில்லை. அப்புறம் எழுதினான்: "நான் பார்த்து எழுதறேன்." அவனுக்குத் தெரிந்ததையே எழுதினான். நான் பக்கத்தில் இன்னொரு மேகம் போட்டு, "மிஸ் எல்லோர் முன்னாடியும் திட்டினாங்க. எனக்கு வெட்கமா இருந்தது. என் ஃப்ரெண்ட் என்னைக் காட்டிக்கொடுத்துட்டான்" என்று எழுதினேன். அதை மூன்று முறை படித்தான். பிறகு என்னிடம் கேட்டான், "வெட்கம் எத்தனை நாள் இருக்கும்?"

அவன் செய்தது தப்பென்று நான் சொல்லவில்லை. இங்கே கவனமாக இருங்கள். வரைவது விசாரணை ஆகிவிட்டால் பிள்ளை அடுத்த முறை உட்காராது. இரண்டு மேகமும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதைக் காட்டினால் போதும். அடுத்த தாளில் நாளை என்ன சொல்லலாம் என்று வரைந்தோம். "உன்னை எல்லோர் முன்னாடியும் திட்டினதுக்கு எனக்கு வருத்தம்" என்ற வாக்கியத்தை அவன் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னான். அந்தப் பையன் உடனே பேசவில்லை. இரண்டு நாள் கழித்துப் பேசினான்.

கண்ணைப் பார் என்று கட்டாயப்படுத்தாதீர்கள்

இது சின்ன விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணைப் பார்த்தால் மனசு தெரியும் என்பது நமக்குச் சரி. வளர்ந்த ஆட்டிச நிலையாளர்கள் பலர், கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்வதில்லை, பேசுவதைக் கேட்கவே முடிவதில்லை என்கிறார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நீங்கள் சொல்வதைக் கேட்கிறான் என்றால் கேட்கிறான். தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள்.

ஏமாற்றுபவர்களுக்கு எதிராக விதிகள்

மற்றவர் மனசைப் படிக்க முடியாத பிள்ளைக்குப் பொய்யும் பிடிபடாது. கூட இருந்து சிரிப்பவர்களுக்கும் தன்னைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியாது. "இதைச் செஞ்சா எங்க கேங்ல சேர்த்துக்கறோம்" என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் சொன்னால் நம்பிவிடும். இங்கே "ஜாக்கிரதையா இரு", "ஆள் பார்த்துப் பழகு" என்ற அறிவுரைகளுக்கு அர்த்தமே இல்லை. அதைத்தான் அவனால் செய்ய முடியாதே.

விதியாகச் சொல்லுங்கள், எழுதி ஒட்டுங்கள். யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொன்னால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்ல வேண்டும். யார் சொன்னாலும், மாமா சொன்னாலும், டீச்சர் சொன்னாலும். நம் உடம்பில் உள்ளாடை மறைக்கும் இடத்தை அம்மா, அப்பா, டாக்டர் தவிர யாரும் தொடக் கூடாது. அவர்கள்கூடக் குளிப்பாட்டவும் வைத்தியத்துக்கும் மட்டும். டாக்டர் தொடும்போது அம்மாவோ அப்பாவோ கூட இருக்க வேண்டும். பணம், போன், ஏடிஎம் அட்டை கேட்டால் "அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்." ஒரு கூட்டம் சிரிக்கிறது, எதற்கென்று தெரியவில்லையா? அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தக் கடைசி விதியை என் மகன் பலமுறை பயன்படுத்தியிருக்கிறான்.

நம் பக்கத்துக் குறை

இவ்வளவு நேரமும் பிள்ளைக்கு என்ன வரவில்லை என்று பேசினோம். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், தானும் ஆட்டிசம் உள்ளவர், 2012இல் ஒரு கேள்வி எழுப்பினார். ஆட்டிசம் உள்ளவருக்கு நம் மனசு புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர் மனசு புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது ஒருவர் மேல் மட்டும் குறை எழுதுவது என்ன நியாயம்? இதை இருவழிப் பரிவுச் சிக்கல் என்று சொல்லலாம்.

2020இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். எட்டுப் பேரை வரிசையாக வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒரு கதையைக் கடத்தச் சொன்னார்கள், நாம் சின்ன வயதில் காதில் ரகசியம் சொல்லி விளையாடுவோமே, அதைப் போல. எட்டுப் பேரும் ஆட்டிச நிலையாளர்களாக இருந்த வரிசையிலும் கதை, மற்றவர்களின் வரிசையில் போனதைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. பேசத் தெரியாதவர்கள், புரியாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

இதைப் படித்த அன்று என் மாமியார் அழுத நாள்தான் நினைவுக்கு வந்தது. பேரனுக்குப் பாட்டியின் அழுகை புரியவில்லை என்று அன்றைக்கு வீட்டில் எல்லோரும் பேசினோம். பேரன் காதைப் பொத்தியது பாட்டிக்கும் எனக்கும் புரியவில்லை என்று யாரும் பேசவில்லை.

ஆகவே உறவினர்களுக்கும் ஒரு பாடம் நடத்துங்கள். விசேஷத்துக்குப் போகும் முன்பே நாலு வரி வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். நான் அனுப்புவது இது: "அவன் வணக்கம் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவில்லை. கிண்டல் புரியாது, நேராகப் பேசுங்கள். ஓரமாகப் போய் உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள், அவன் ஓய்வெடுக்கிறான். மெட்ரோ ரயில் பற்றிக் கேட்டால் சந்தோஷமாகப் பேசுவான்." கடைசி வரிக்குத்தான் நல்ல பலன். என் தம்பி அதைப் படித்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை எல்லா ஸ்டேஷனையும் அவனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

எங்கே போவது

அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து மாவட்ட அளவில், பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கலைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து உதவும் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. குழந்தை நல மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக மத்திய அரசு நடத்தும் தேசிய நிறுவனத்தில் பரிசோதனையும் தெரபியும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, அதனால் மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. ஆட்டிசம் என்று எழுதித் தரும் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன படிகளை இன்றைக்கே தொடங்கலாம், எந்தப் பிள்ளைக்கும் அவை கெடுதல் செய்யாது.

கடைசிப் படி: ஊகிக்க முடியாவிட்டால் கேட்கட்டும்

எவ்வளவு பழக்கினாலும் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொள்வது என் மகனுக்கு வரவில்லை. வராமலே போகலாம். அதற்குப் பதில் கேட்பதற்குப் பழக்கினோம். "நீங்க கோபமா இருக்கீங்களா, களைப்பா இருக்கீங்களா? என்னாலயா?" இந்த மூன்று கேள்வியும் அவன் சட்டைப்பையில் ஒரு அட்டையில் இருந்தது. இப்போது அட்டை தேவைப்படுவதில்லை.

இதில் கஷ்டமான பகுதி நம்முடையது. அவன் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் முகம் வாடி உட்கார்ந்திருப்பவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால் வரும் முதல் பதில் "ஒண்ணுமில்லை". அந்த ஒரு சொல், அவன் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்ததைப் பொய்யாக்கிவிடும். ஏதோ இருக்கிறது என்று சரியாகத்தான் பார்த்தான், இல்லை என்று நாமே சொல்லிவிட்டோம், அப்புறம் அவன் எதை நம்புவான்? எங்கள் வீட்டில் "ஒண்ணுமில்லை" சொல்லக் கூடாது என்று நாலு வருடம் முன்பு தீர்மானித்தோம். இன்னும் வாய் தவறி வந்துவிடுகிறது, திருத்திக்கொள்கிறோம்.

போன வாரம் வேலையிலிருந்து வந்து சோபாவில் சாய்ந்திருந்தேன். அவன் வந்து நின்று என்னைப் பார்த்தான். "கோபமா, களைப்பா? என்னாலயா?" ஒண்ணுமில்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "தலைவலிடா. உன்னால இல்லை. அரை மணி நேரம் சத்தமில்லாம இருந்தா சரியாயிடும்" என்றேன். அவன் போனை எடுத்து முப்பது நிமிஷத்துக்கு டைமர் வைத்தான். டியூப்லைட்டை அணைத்தான். கதவைச் சத்தம் வராமல் இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். முப்பதாவது நிமிஷம் கதவு திறந்தது. "இப்போ எவ்வளவு வலிக்குது? பத்துக்கு எத்தனை?"

"மூணு" என்றேன். சரி என்று மறுபடியும் டைமரை வைத்தான்.